கதைச்சுக்கொண்டு ஏறக்கூடிய கியர்

ஸ்ட்ராத்ஃபீல்டை மேட்டு ஊர் என்று ஒருவரும் சொல்வதில்லை. ஸ்டேஷனில் இறங்கி த பூலவார்ட் வழியே நடந்தால் நிலம் தட்டையாகத்தான் தெரியும். சைக்கிளில் போனால்தான் உண்மை விளங்கும். ஊரின் வடக்குப் பக்கம் பெய்கிற மழை பவல்ஸ் கிரீக் வழியாக ஹோம்புஷ் விரிகுடாவுக்குப் போகிறது. தெற்குப் பக்கம் பெய்வது குக்ஸ் ஆற்றோடு பொட்டனி விரிகுடாவுக்குப் போகிறது. இரண்டு பள்ளத்துக்கும் நடுவில் ஒரு முதுகுபோல எங்கட ஊர் கிடக்கிறது. அதனால் ஒலிம்பிக் பார்க் பக்கம் போனாலும் சரி, குக்ஸ் ஆற்றுப் பாதைக்குப் போனாலும் சரி, போகேக்க இறக்கம், களைச்சுப்போய் வீட்டுக்கு வரேக்க ஏற்றம்.

மலை என்று சொல்ல ஏலாத ஏற்றம்தான். ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்று சைக்கிளை வெறுப்பதற்கு அது போதும்.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் மகளும் நானும் சைக்கிளில் வெளிக்கிடுவோம். அவளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது தொடங்கிய பழக்கம். இதை உடற்பயிற்சி என்று நான் நினைத்ததில்லை. கிழமை முழுக்கப் பள்ளிக்கூடம், நீச்சல், கணித வகுப்பு, சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலை என்று காரில் ஏற்றி இறக்குகிறதுதான் எங்கட சீவியம். காரில் அவள் பின்சீட்டில், காதில் ஹெட்போன். "இண்டைக்கு எப்பிடிப் போச்சு?" என்றால் "ஓகே" என்று ஒரு சொல் வரும். சைக்கிளில் அப்படியில்லை. இரண்டு கையும் ஹாண்டிலில், கண் பாதையில். முகத்தைப் பார்க்கத் தேவையில்லாததாலோ என்னவோ, கேட்காமலே கதை வரும். அரைவாசி ஆங்கிலம், அரைவாசி தமிழ் என்றாலும் வரும். அந்த ஒன்றரை மணித்தியாலம் எனக்குப் பெரிய சொத்து.

போன வருடம் அது குறையத் தொடங்கியது. முதலில் "இண்டைக்கு வேண்டாம்", பிறகு "அடுத்த கிழமை", கடைசியில் ஒருநாள் தெளிவாகவே சொன்னாள்: "எனக்குச் சைக்கிள் சரிவராது அம்மா. ஐ'ம் ஜஸ்ட் நாட் அ பைக் பெர்ஸன்."

பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளை தன்னைப் பற்றி இப்படி ஒரு தீர்ப்பு எழுதினால், அதற்கு ஆதாரமாக எதை வைத்துக்கொண்டு எழுதினாள் என்று பார்க்கத்தானே வேணும். கேட்டேன். "எல்லாரும் ஏறுகினம். எனக்கு மட்டும்தான் ஏலாமல் கிடக்கு. திரும்பி வரேக்க எனக்கு மூச்சே விட ஏலாது" என்றாள்.

வீட்டில் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். இவர், "கொஞ்சம் பழகினா சரியாகும்" என்றார். என் அப்பா, "எழும்பி நிண்டு உழக்கச் சொல்லு. நாங்கள் கியரோ பாத்தனாங்கள்?" என்றார். சைக்கிள் வாங்கிய கடையில், "வளர்ந்தால் பலம் வரும்" என்றார்கள். மூன்று பேரும் வேறு வேறு ஆட்கள் என்றாலும் சொன்னது ஒன்றுதான்: சைக்கிளில் குறை இல்லை, பிள்ளையில்தான் குறை.

இது எங்கட ஆட்களிடம் மட்டும் உள்ள எண்ணம் இல்லை. சைக்கிள் பந்தயத்தின் கோயில் என்று சொல்லக்கூடிய டூர் டி பிரான்ஸை 1903-ல் தொடக்கி வைத்த ஹென்றி டெக்ராஞ் என்பவருக்கும் இதே எண்ணம்தான். கியர் மாற்றுகிற வசதியெல்லாம் 45 வயதைத் தாண்டியவர்களுக்குத்தான், வாலிபர் என்றால் தசைப் பலத்தால் வெல்ல வேணும் என்று 1902-ல் எழுதினார். செயினை ஒரு பல்சக்கரத்தில் இருந்து மற்றதுக்குத் தள்ளும் கருவியை அந்தப் பந்தயத்தில் 1937 வரைக்கும் அனுமதிக்கவில்லை. அதுவரை வீரர்கள் பின்சில்லின் இரண்டு பக்கமும் வேறு வேறு அளவில் பல்சக்கரம் பூட்டிக்கொண்டு, மலை அடிவாரத்தில் இறங்கி, சில்லைக் கழற்றித் திருப்பிப் பூட்டிவிட்டு ஏறினார்கள். இன்றைக்கு ஷிமானோ நிறுவனத்தின் மிக உயர்ந்த பந்தய வகையான டியூரா ஏஸிலேயே 34 பல்லுள்ள பெரிய பின்சக்கரம் விற்கிறார்கள். உலகத்தின் மிகப் பலமான கால்களுக்கே இலகு கியர் தேவைப்படுகிறது என்றால், ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏன் தேவைப்படாது?

அப்பாவின் பக்கத்திலும் நியாயம் உண்டு. அவர் சைக்கிள் பழகியது யாழ்ப்பாணத்தில். அங்கே எங்கே மலை? கீரிமலையிலும் பெயரில்தான் மலை. ஒற்றைக் கியர் றலி சைக்கிளில் பாரில் ஒரு ஆள், கரியரில் ஒரு மூடை என்று போகலாம், ஏனென்றால் நிலம் தட்டை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை நேரம் பெற்றோல் இல்லாமல் குடாநாடே சைக்கிளில்தான் ஓடியது. பற்றரியும் இல்லாத காலம் அது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, கையால் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்ட தலைமுறை. அந்தச் சைக்கிளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. "கீரிமலையிலயே மலை இல்லை, அப்பா" என்று நான் பகிடி விட்டபோது அவர் விடவில்லை. "பண்ணைப் பாலத்தில எதிர்க்காத்துக்கு உழக்கிப் பார், அதுவும் மலைதான்" என்றார். அது சரிதான். எதிர்க்காற்றும் ஒரு ஏற்றம்தான். "அப்ப என்ன செய்வியள்?" என்று கேட்டேன். "இறங்கித் தள்ளுறதுதான்" என்றார். கியர் இல்லாதவனுடைய இலகு கியர் அதுதான்: தன் சொந்தக் கால்.

சரி, கியர் என்ன செய்கிறது?

பழனிக்குப் போனவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். மலைமேல் முருகனிடம் போக நேரே ஏறும் படிப்பாதை ஒன்று, சுற்றி வளைந்து மெல்ல ஏறும் யானைப்பாதை ஒன்று. ஏறுகிற உயரம் இரண்டிலும் ஒன்றேதான். யானைப்பாதையில் காலடிகள் கூட, ஆனால் ஒவ்வொரு அடிக்கும் வேண்டிய பலம் குறைவு. யானைப்பாதையால் வந்தவருக்கு முருகன் பாதித் தரிசனம்தான் தருவார் என்று ஒருவரும் சொன்னதில்லை. இலகு கியர் என்பது சைக்கிளில் இருக்கிற யானைப்பாதை. அது மொத்த வேலையைக் குறைப்பதில்லை. அதே வேலையைக் கூடிய சுற்றுகளாகப் பிரித்துத் தருகிறது. நேரம் கொஞ்சம் கூடப் போகும். ஆனால் முழங்காலும் மூச்சும் தாங்கும்.

இதைக் கணக்கில் பார்க்க ஒரு வழி உண்டு. பெடலோடு இருக்கிற முன்சக்கரத்தின் பல்லை எண்ணுங்கள். பின்சில்லில் இருக்கிற ஆகப் பெரிய சக்கரத்தின் பல்லை எண்ணுங்கள். முன்னதைப் பின்னதால் பிரித்து, சில்லின் சுற்றளவால் பெருக்கினால், பெடலை ஒருமுறை முழுதாகச் சுற்ற சைக்கிள் எத்தனை மீற்றர் போகிறது என்று வரும். அந்தத் தூரம் குறையக் குறைய ஏற்றம் இலகு.

மகளும் நானும் கராஜில் இருந்து எண்ணினோம். எண்ணெய்க் கறுப்புப் படிந்த பல்லை எண்ணுவது லேசில்லை. ஒரு பல்லில் சோக்கட்டியால் அடையாளம் போட்டுவிட்டுத் தொடங்க வேணும், இல்லாவிட்டால் எங்கே தொடங்கினோம் என்பது மறந்துபோகும். அவளுடைய 24 அங்குலச் சில்லுச் சைக்கிளில் முன்னுக்கு 36 பல்லு. பின்னுக்கு ஏழு சக்கரம், ஆகச் சின்னது 14, ஆகப் பெரியது 28. சில்லின் சுற்றளவு கிட்டத்தட்ட 1.9 மீற்றர். 36-ஐ 28-ஆல் பிரித்து 1.9-ஆல் பெருக்கினால் சுமார் 2.4 மீற்றர். அவளிடம் இருந்த ஆக இலகுவான கியர் அதுதான்.

பிறகு என் சைக்கிளை எண்ணினோம். முன்னுக்கு 50, 34 என்று இரண்டு சக்கரம். பின்னுக்கு 11-இல் இருந்து 28 வரை. சுற்றளவு 2.1 மீற்றர். என்னுடைய ஆக இலகுவான கியர், ஒரு சுற்றுக்கு 2.55 மீற்றர். வளர்ந்த என்னுடைய கியருக்கும் குழந்தையின் கியருக்கும் வித்தியாசம் ஒரு சாண் கூட இல்லை.

இனி நிறையைப் பாருங்கள். மகள் 36 கிலோ. அவளுடைய சைக்கிள் 14 கிலோ. அவளுடைய உடம்பு நிறையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். நான் 62 கிலோ. அதே விகிதத்தில் எனக்கு ஒரு சைக்கிள் தந்தால் அது 24 கிலோ இருக்கும். அப்படி ஒரு சைக்கிளை என்னிடம் தந்து, உன்னுடைய பழைய கியரிலேயே ஏறு என்று சொன்னால் நான் கடைக்காரரோடு சண்டைக்குத்தான் போவேன். என் மகள் மூன்று வருடமாகச் சண்டை பிடிக்காமல் அதைத்தான் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறாள்.

எண்ணி முடிந்ததும் அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "அப்ப நான் வீக் இல்லையா?"

அந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

பிள்ளைகளின் சைக்கிள் வாங்கும்போது "ஏழு கியர்", "21 கியர்" என்று சொல்லி விற்பார்கள். எத்தனை கியர் என்பது ஒன்றையும் சொல்லாது. ஆக இலகுவான கியர் எவ்வளவு இலகு என்பதுதான் கேள்வி. ஏழு இருந்தாலும் ஏழும் தட்டை நிலத்துக்கானவை என்றால் ஏற்றத்தில் அவற்றால் பயனில்லை.

என்ன மாற்றலாம்? நாங்கள் மாற்றியதைச் சொல்கிறேன், உங்கள் சைக்கிளுக்கு ஏற்றபடி கேட்டுச் செய்யுங்கள்.

முதலாவது பின்சக்கரத் தொகுதி. மலிவான பிள்ளைகள் சைக்கிளில் இது பெரும்பாலும் ஃப்ரீவீல் என்கிற வகை, திருகிப் பூட்டுவது. விலை கூடிய சைக்கிள்களில் கசெட் என்கிற வகை, செருகிப் பூட்டுவது. ஒன்றுக்குப் பதில் மற்றதை வாங்கினால் பொருந்தாது, அதனால் எந்த வகை என்று கடையில் காட்டிக் கேட்க வேணும். ஏழு சக்கர ஃப்ரீவீலில் ஷிமானோ மெகாரேஞ்ச் என்று ஒன்று விற்கிறது. ஆகச் சின்னது 14, ஆகப் பெரியது 34. முதல் ஆறும் கிட்டக் கிட்ட இருக்கும், கடைசியில் 24-இல் இருந்து ஒரே பாய்ச்சலாக 34. அந்தக் கடைசிச் சக்கரம் ஏற்றத்துக்கென்றே இருப்பது. பாய்ச்சல் பெரிது என்பதால் மாற்றும்போது முதல் சில நாள் கால் திடுக்கிடும், பிறகு பழகிவிடும்.

இரண்டாவது முன்சக்கரம். 36-ஐ எடுத்து 32 போட்டோம். பல பிள்ளைகள் சைக்கிளில் முன்சக்கரத்தைப் பெடல் தண்டோடு சேர்த்து ஆணி அடித்திருப்பார்கள், தனியாகக் கழராது. தண்டோடு சேர்த்துத்தான் மாற்ற வேணும். எங்களுடையதும் அப்படித்தான்.

மூன்றாவது செயின். பெரிய சக்கரம் பூட்டினால் பழைய செயின் நீளம் காணாமல் போகலாம். கட்டையான செயினோடு பெரிய சக்கரத்துக்கு மாற்றினால் இறுகிப் பிடித்து, கியர் மாற்றும் கையையே முறித்துவிடும். டிரெய்லியர் என்று சொல்கிற அந்தக் கைக்கும் ஓர் எல்லை உண்டு. எத்தனை பல்லு வரைக்கும் அது தாங்கும் என்பதைத் தயாரித்தவர்களே குறித்திருப்பார்கள். மகளுடையது 34 வரை தாங்கும் என்பதால் அதை மாற்றவில்லை. என்னுடையது தாங்காது. எனவே என் சைக்கிளுக்கு நீளக் கையுள்ள வேறொன்றும், 11-34 கசெட்டும், புதுச் செயினும் போட வேண்டி வந்தது. ஆம், எனக்கும் மாற்றினேன். டெக்ராஞ் சொன்ன 45 இன்னும் வரவில்லை, ஆனாலும் முழங்கால் அவருடைய கட்டுரையை வாசிக்கவில்லையே.

கணக்கு இப்போது இப்படி: மகளுக்கு ஒரு சுற்றுக்கு 2.4 மீற்றராக இருந்தது 1.8 ஆனது, கால்வாசி குறைவு. எனக்கு 2.55 ஆக இருந்தது 2.1 ஆனது. வேலையை வேறொரு கடையில் செய்தார்கள். புதுச் சைக்கிள் ஒன்றின் விலையோடு பார்த்தால் சிறிய தொகைதான்.

எதையாவது இழந்தோமா? உச்ச வேகத்தில் கொஞ்சம். மகள் இப்போது தன் ஆகக் கடினமான கியரில் நிமிடத்துக்கு 80 சுற்று உழக்கினால் மணிக்கு 20 கிலோமீற்றர் சொச்சம் வரும். குக்ஸ் ஆற்றுப் பாதையில் நடக்கிறவர்களும் நாயோடு வருகிறவர்களும் இருக்கும்போது அதற்கு மேல் தேவையும் இல்லை. இறக்கத்தில் உழக்காமல் இருந்தாலே சைக்கிள் ஓடும்.

அளவுக்கு மிஞ்சி இலகுவாக்கவும் கூடாது. இப்போதைய ஆக இலகு கியரில் நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் அவள் மணிக்கு ஆறரைக் கிலோமீற்றரில் போகிறாள், வேகமாக நடக்கிற ஆளின் வேகம். அதற்கும் கீழே போனால் சில்லு ஆடும், நேரே பிடிக்க ஏலாது. அங்கே இறங்கித் தள்ளலாம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கியர் இருந்தால் மட்டும் போதாது, பாவிக்கத் தெரிய வேணும். மகளுக்கு ஆரம்பத்தில் குழப்பமாக இருந்தது இதுதான்: முன்னுக்குச் சின்னச் சக்கரம் இலகு, பின்னுக்குப் பெரிய சக்கரம் இலகு. அதைப் பாடமாக்கத் தேவையில்லை, கைப்பிடியில் 1 என்று எழுதியிருப்பது ஆக இலகு என்று நினைவில் வைத்தால் போதும். ஏற்றம் தொடங்கி, கால் இறுகின பிறகு மாற்றினால் செயின் கடகடவென்று சத்தம் போடும், சிலநேரம் கழன்றுவிடும். ஏற்றம் கண்ணுக்குத் தெரிந்தவுடனேயே, கால் இலகுவாகச் சுற்றும்போதே மாற்ற வேணும். மாற்றுகிற அந்த ஒரு நொடி மட்டும் பெடலை மெதுவாக அழுத்த வேணும். பிள்ளைகள் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் பழகிவிடுவார்கள். எங்களுக்குத்தான் நாலு தேவைப்படும்.

சரியான கியரா என்பதை எப்படி அறிவது? நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். மிக மெதுவாக, மிக அழுத்தி உழக்கினால் முழங்காலுக்குப் பாரம் கூடும் என்பது உண்மை. ஆனால் பிள்ளையோடு போகிற எனக்கு இன்னொரு அளவுகோல் பிடித்திருக்கிறது. ஏறும்போது ஒரு முழு வசனம் சொல்ல முடிகிறதா? முடிந்தால் கியர் சரி. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் இன்னும் ஒரு பல்லு இலகுவாக்க வேணும். எங்கள் வீட்டில் அந்த வசனம் தமிழ் வசனமாக இருக்க வேணும் என்று ஒரு விளையாட்டுச் சட்டமும் போட்டோம். தமிழ் வசனத்தில் வினைச்சொல் கடைசியில்தானே வரும். அதுவரை மூச்சு நிற்க வேணும்.

ஸ்ட்ராத்ஃபீல்ட் ஏற்றத்தில் இது சரிவந்த பிறகு, ஒரு உண்மையான ஏற்றத்தைப் பார்க்க வேணும் என்று மகளே கேட்டாள். ரயிலில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு, இடையில் ஒருமுறை மாறி, லொஃப்டஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். பக்கத்திலேயே பழைய டிராம்களின் அருங்காட்சியகம். அங்கிருந்து ரோயல் நேஷனல் பார்க் தொடங்குகிறது, 1879-இலேயே காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு. வீதி வளைந்து வளைந்து ஹேக்கிங் ஆற்றங்கரையில் ஓட்லி என்ற இடத்துக்கு இறங்கும். ஸ்டேஷனில் இருந்து ஆறு வரைக்கும் சுமார் 100 மீற்றர் உயரம் இறங்குகிறோம். இறங்குவது சொர்க்கம். ஆனால் ரயிலுக்குத் திரும்ப வேறு குறுக்கு வழி இல்லை, இறங்கின அவ்வளவையும் ஏறித்தான் ஆகவேணும்.

ஓட்லியில் இருந்து லேடி கேரிங்டன் டிரைவ் என்று ஆற்றோரமாக ஒரு மண்பாதை போகிறது. பழைய வண்டிப் பாதை, இப்போது கார் போக விடுவதில்லை. சுமார் 10 கிலோமீற்றர் நீளம். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அருமையான இடம். கொஞ்சத் தூரம் போய்த் திரும்பி வந்து, ஆற்றங்கரைப் புல்லில் இருந்து இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டோம். பிறகு ஏற்றம்.

அது கார் போகிற வீதி என்பதால் ஞாயிறு காலை நேரத்தோடு போய், வாகனம் கூடுவதற்கு முதல் ஏறத் தொடங்கினோம். மகள் முன்னுக்கு, நான் பின்னுக்கு. முதல் வளைவுக்கு முன்பே அவள் 1-க்கு மாற்றிவிட்டாள். பந்தயச் சைக்கிள்காரர் இரண்டு பேர் எங்களைக் கடந்து போனார்கள், ஒருவர் அவளைப் பார்த்துப் பெருவிரலைக் காட்டினார். நடுவில் ஒரு இடத்தில் நின்று தண்ணீர் குடித்தோம். அவ்வளவுதான். இறங்கித் தள்ளவில்லை.

மணிக்கு ஆறு கிலோமீற்றர் வேகத்தில், முன்னுக்குப் போகிறவள் கதைப்பது பின்னுக்கு வருகிறவளுக்கு வடிவாகக் கேட்கும். பாதி ஏற்றத்தில் அவள் பள்ளிக்கூடத்தில் நடக்கிற ஒரு விஷயத்தைச் சொல்லத் தொடங்கினாள். சில கிழமையாக மதிய இடைவேளையில் நடந்துவந்த விஷயம். அது அவளுடைய கதை, இங்கே எழுதமாட்டேன். ஆனால் வீட்டில் மேசையில் இருத்தி வைத்துக் கேட்டிருந்தால் எனக்கு வந்திருக்காது என்பது நிச்சயம். அவளுக்கு மூச்சு மிச்சம் இருந்தது, என்னுடைய முகம் அவளுக்குத் தெரியவில்லை, ஏற்றம் முடிய இன்னும் நேரம் இருந்தது. மூன்றும் சேர்ந்து வந்தது. அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தேன். இப்போது நிலைமை பரவாயில்லை.

அதனால்தான் இரண்டாம் தலைமுறைப் பெற்றோருக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன். எங்கட அப்பா அம்மா கஷ்டப்பட்டு வந்தவர்கள். கஷ்டப்பட்டால்தான் பெறுமதி என்று அவர்கள் நம்பியதில் பிழை இல்லை, அவர்களுக்கு வேறு வழியும் இருக்கவில்லை. ஆனால் கஷ்டம் எல்லாம் ஒரே மாதிரி அல்ல. ஏற்றம் தருகிற கஷ்டம் ஒன்று. அது பிள்ளைக்கு நல்லது, அதை நான் குறைக்கவில்லை. ஓட்லி ஏற்றம் அதே 100 மீற்றர்தான். பொருந்தாத கருவி தருகிற கஷ்டம் இன்னொன்று. அதில் பிள்ளை கற்றுக்கொள்கிற ஒரே பாடம் "எனக்கு ஏலாது" என்பதுதான். சைக்கிளுக்கு மட்டும் அல்ல, பெரிய ஆளின் கைக்குச் செய்த வயலினுக்கும், வயதுக்கு மீறிய தமிழ்ப் புத்தகத்துக்கும் இதுதான் கதை.

ஆகவே உங்கள் பிள்ளை "எனக்குச் சைக்கிள் சரிவராது" என்று சொன்னால், பழகு, பலமாய் உழக்கு என்று சொல்வதற்கு முதல் கராஜுக்குப் போய்ப் பல்லை எண்ணுங்கள். முன்னதைப் பின்னதால் பிரித்து வருகிற விடை ஒன்றைவிடக் கூட இருந்து, உங்கள் வீட்டுக்கு வருகிற வழியில் ஏற்றமும் இருந்தால், கடையில் ஒரு சொல் கேட்டுப் பாருங்கள். காற்று குறைந்த ரயரும் கட்டையாக வைத்த சீற்றும் கூட இதே கஷ்டத்தைத் தரும், அவற்றையும் பாருங்கள். தெருவில் வாகனம் கூட என்று பயம் என்றால், நியூ சவுத் வேல்ஸில் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் நடைபாதையில் ஓடலாம், அவர்களைக் கூட்டிக்கொண்டு போகிற பெரியவரும் ஓடலாம். ஹெல்மெட் மட்டும் எல்லாருக்கும் கட்டாயம்.

அப்பா இப்போது ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வெளிக்கிடும்போது கேற்றடியில் வந்து நின்று சில்லைப் பெருவிரலால் அமத்திப் பார்ப்பார். போன கிழமை மகளின் பின்சில்லைக் குனிந்து பார்த்துவிட்டு, "உதென்ன இவ்வளவு பெரிய பல்லு, றொட்டி தட்டலாம் போல கிடக்கு" என்றார். அவள், "அம்மப்பா, அது மலைக்கு" என்று தமிழில் சொல்லிவிட்டு ஏறிப் போனாள்.